உப்புக் காற்றில் ஒரு சீப்பு

கடந்த ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு பிளாஸ்டிக் சீப்பையும் கிழித்துப்போட்ட காகிதத் துண்டுகளையும் திண்ணையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போராடினாள். சீப்பைத் தலைமுடியில் இருபது முறை வேகமாகத் தேய்த்துக் காகிதத் துண்டுகளுக்கு அருகே கொண்டுசென்றால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும் என்று பாடத்தில் இருந்தது. அவளுடைய சீப்புக்கு ஒரு துண்டுகூட அசைந்து கொடுக்கவில்லை. நான் முதலில் குற்றம் சாட்டியது அவள் தலையிலிருந்த தேங்காய் எண்ணெயை. எண்ணெய் படிந்த முடியில் மின்னூட்டம் எளிதில் ஏறாது என்பது சரிதான். ஆனால் குமரி மாவட்டத்தில் எண்ணெய் தேய்க்காத தலையைத் தேடிக் கண்டுபிடிப்பது, சோதனையைச் செய்வதைவிடக் கடினமான காரியம். மறுநாள் காலையில் அவள் தலையைச் சீயக்காய் போட்டுக் கழுவி உலர்த்திய பிறகும் பலன் இல்லை. சீப்பை மாற்றினோம், காகிதத்தை மாற்றினோம். என் தலையில் தேய்த்துப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். அங்கே தேய்ப்பதற்கு அதிகம் மீதமில்லை.

இதில் எனக்குக் கூடுதலாக ஒரு வெட்கமும் இருந்தது. திங்கள்சந்தையில் இருபது ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். அந்த இயந்திரத்தின் உள்ளே நடப்பது முழுவதும் நிலை மின்னூட்டத்தின் வேலை. உருளையின் மேற்பரப்பில் மின்னூட்டத்தைப் பரப்பி, ஒளிபட்ட இடங்களில் மட்டும் அதை இழக்கச் செய்து, எழுத்து வர வேண்டிய இடத்தில் மட்டும் கரும்பொடியை ஒட்டவைத்து, அந்தப் பொடியைக் காகிதத்துக்கு இழுத்து, இறுதியில் சூட்டில் உருக்கிப் பதிப்பதுதான் நாங்கள் ஒரு பக்கத்துக்குக் காசு வாங்கும் தொழில். நாள் முழுவதும் நிலை மின்னூட்டத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவனால், ஒரு சீப்பைக் கொண்டு நகத்தளவு காகிதத்தைத் தூக்கிக் காட்ட முடியவில்லை.

காரணத்தை முதலில் சுட்டியது அடுக்களையில் இருந்த என் அம்மை. "மழைக்காலத்துல காத்து பூரா ஈரம்லா மக்களே, அந்த உப்புப் பரணியப் போயி பாரு, அது தண்ணி விட்டுக் கெடக்கு" என்று பேத்தியிடம் சொன்னார். பரணியில் போட்டிருந்த கல்லுப்பு உண்மையிலேயே கீழே அரை விரல் உயரத்துக்கு நீராகியிருந்தது. எங்கள் வீடு மண்டைக்காட்டுக்கு அருகில், அலைச்சத்தம் கேட்கும் தொலைவில் இருக்கிறது. சன்னல் கம்பியைத் துடைத்தால் விரல் பிசுபிசுக்கும், அந்த விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். சன்னல் கம்பியில் படிகிற அதே உப்பு, மேசை மேல் கிடக்கும் சீப்பிலும் படிகிறது என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது, அதனால்தான் மழைக்காலத்தில் மின்னூட்டம் தங்குவதில்லை என்று நானும் பள்ளியில் படித்திருக்கிறேன், பலரும் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. நீராவி கலந்த காற்று அப்படியொன்றும் நல்ல கடத்தி அல்ல. திருட்டு நடப்பது காற்றில் அல்ல, பொருளின் மேற்பரப்பில். காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகச் சீப்பின் மேல் படிகின்றன. அந்தப் படலத்தில் சிறிது உப்போ, வியர்வையோ, அழுக்கோ கரைந்திருந்தால் அது மின்னூட்டம் நழுவிச் செல்லும் பாதையாகிவிடுகிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். ஆனி, ஆடியில் எங்கள் கரையில் காற்றின் ஈரம் அந்த அளவைவிடக் கீழே இறங்குவதே அரிது. ஆகவே, மகள் சீப்பைத் தேய்க்கத் தேய்க்க எலெக்ட்ரான்கள் முடியிலிருந்து சீப்புக்கு வந்துகொண்டுதான் இருந்தன. வந்த வேகத்திலேயே, உப்பு ஈரப் படலத்தின் வழியாக அவள் கைக்கும் அங்கிருந்து தரைக்கும் போய்க்கொண்டிருந்தன.

இந்தத் தொல்லை புதியதும் அல்ல. அம்பர் என்னும் புதைபடிவப் பிசினைத் தேய்த்தால் அது துரும்புகளை ஈர்க்கும் என்பதைக் கிரேக்கர்கள் அறிந்திருந்தார்கள்; அம்பருக்கு அவர்கள் வைத்திருந்த எலெக்ட்ரான் என்ற பெயர்தான் பின்னால் மின்சாரத்துக்கே ஆகி வந்தது. வில்லியம் கில்பர்ட் 1600ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஈர மூச்சுப் பட்டாலும் ஈரக் காற்று வீசினாலும் அம்பரின் ஈர்ப்பு மங்கிவிடுவதைக் குறித்துவைத்திருக்கிறார். மண்டைக்காட்டில் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிக் கண்டுபிடித்ததை அவர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்.

அன்று இரவு மகளை வாசலுக்கு அழைத்துச் சென்று தெருமுனையிலுள்ள மின்கம்பத்தைக் காட்டினேன். மழை விட்டு, பனி இறங்கும் இரவுகளில், 11,000 வோல்ட் கம்பிகளைத் தாங்கும் பீங்கான்களிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வரும். நல்ல இருட்டில் நீலநிறத்தில் சிறு பொறிகள் ஊர்வதையும் காணலாம். கடற்காற்று கொண்டுவந்து பூசிய உப்பு, பனியில் நனைந்து, பீங்கானின் மேற்பரப்பில் மின்சாரம் கசிய வழி கொடுப்பதால் வரும் சத்தம் அது. அந்தப் பீங்கான்களைக் குடைமேல் குடை கவிழ்த்ததுபோல் அடுக்கடுக்காகச் செய்திருப்பதற்கும் இதுவே காரணம்: கசியும் மின்சாரம் ஏறி இறங்கிக் கடக்க வேண்டிய பாதை நீளும், குடையின் அடிப்பக்கமாவது நனையாமல் இருக்கும். பல ஆண்டுகளாகக் கேட்ட அந்த இரைச்சலுக்கும் எங்கள் சீப்புக்கும் இப்படி ஓர் உறவு உண்டென்று அன்றுதான் எனக்கும் விளங்கியது.

தீர்வு என் கடையிலேயே இருந்தது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய காகிதத்தை இயந்திரத்தில் வைத்தால், காகிதத்துக்குக் கொடுத்த மின்னூட்டம் நிற்காமல் பொடி சரியாக ஒட்டாது. எழுத்துகள் திட்டுத்திட்டாக வெளிறிப்போகும், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கும். இதற்காகவே நான் காகிதக் கட்டுகளை வைக்கும் அலமாரியின் அடித்தட்டில் ஒரு 40 வாட் குண்டு பல்பை, தாள்களில் படாதபடி கம்பிக் கூடைக்குள் பொருத்தி, பகலெல்லாம் எரியவிடுவேன். திங்கட்கிழமை மாலையில் மகளின் சீப்பைச் சோப்பு நீரில் கழுவி, உப்பில்லாத நல்ல தண்ணீரில் அலசி, துண்டு காகிதங்களோடு அந்த அலமாரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். பிறகு அங்கேயே நின்று, எண்ணெய் இல்லாத தன் முடியில் பத்து முறை அவள் தேய்த்தாள். காகிதத் துண்டுகள் மேசையிலிருந்து செங்குத்தாக எழுந்து சீப்பின் பற்களில் ஒட்டிக்கொண்டன. சில ஒட்டிய வேகத்தில் சீப்பின் மின்னூட்டத்தையே தாமும் பெற்று, விலக்கப்பட்டு, அம்பு போல் தெறித்தன. ஒட்டுவதைவிடத் தெறிப்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சில நிமிடங்களில் எல்லாம் உதிர்ந்தன. மறுபடியும் அலமாரி, மறுபடியும் துள்ளல்.

அதன்பின் வீட்டில் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துச் சோதனை, அதில் என் தொழிலின் பிறப்பே அடங்கியிருப்பதால். 1938 அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், செஸ்டர் கார்ல்சன் என்பவர் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டி, எழுத்துள்ள கண்ணாடித் துண்டின் வழியாக ஒளியைப் பாய்ச்சி, நுண்ணிய பொடியைத் தூவி முதல் உலர் நகலை எடுத்தார். இருட்டு, கந்தகம், ஒளி என்று அவ்வளவு தூரம் நாங்கள் போகவில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பு உறை ஒன்றை எடுத்து, உலர்ந்த பருத்தித் துணியை விரலில் இறுகச் சுற்றி, அந்த விரலால் உறையின் மேல் 'அ' என்ற எழுத்தை அழுத்தி ஏழெட்டு முறை எழுதினோம். பிறகு மெல்லிய வேட்டித் துணியில் மஞ்சள் பொடியைக் கட்டி, உறைக்கு மேலே மெதுவாகத் தட்டினோம். உறையைச் சாய்த்து ஒரு சுண்டு சுண்டியதும் பொடி வழிந்தது. ஆனால் முதல் முறை உறை முழுவதுமே மஞ்சளாயிற்று. கட்டிலிருந்து உருவி எடுக்கும்போதே ஓர் உறை அடுத்த உறையைத் தொட்டுப் பிரிவதால், நாங்கள் எழுதுவதற்கு முன்பே அதன் மேல் கண்டபடி மின்னூட்டம் இருந்திருக்கிறது.

உராய்வு மின்னூட்டம் என்று பெயர் இருந்தாலும் தேய்ப்பது இங்கே இரண்டாம் பட்சம்தான். இரு பொருள்கள் தொட்டுப் பிரிந்தாலே போதும், தேய்க்கும்போது தொடும் இடங்கள் பெருகுகின்றன, அவ்வளவுதான். பழைய மின்னூட்டத்தை நீக்க, எங்கள் எதிரியான ஈரத்தையே உதவிக்குக் கூப்பிட்டோம். உறையை நீரில் அலசி, எதிலும் உரசாமல் அலமாரியில் நிறுத்தி உலரவைத்து, மறுபடி எழுதிப் பொடியைத் தூவினோம். கோணலான, ஓரங்களில் மயிர்க்கால்கள் முளைத்தது போன்ற ஒரு மஞ்சள் 'அ' நின்றது. அந்த மயிர்க்கால்களைப் பார்த்து நான் வியந்துகொண்டிருந்தபோது, இப்படி ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் காசு கொடுக்கமாட்டார் என்றாள் மகள்.

மின்னூட்டம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் காண ஒரு மின்காட்டியும் செய்தோம். காலியான ஊறுகாய்க் குப்பியைக் கழுவி உலர்த்தி, அதன் பிளாஸ்டிக் மூடியின் நடுவில் ஒரு துளையிட்டு, ஒரு சாண் செம்புக் கம்பியை அதன் வழியாக இறக்கினோம். கம்பியின் மேல்முனையில் அலுமினியத் தாளைக் கசக்கி நெல்லிக்காய் அளவில் உருட்டிச் செருகினோம். கீழ்முனையைக் கொக்கியாக வளைத்து, அரை விரல் அகலமும் ஒன்றரை விரல் நீளமும் கொண்ட இரண்டு அலுமினியத் தாள் இலைகளைத் தொங்கவிட்டோம். மின்னூட்டிய சீப்பை மேலுள்ள உருண்டையில் தடவினால், இரண்டு இலைகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம் இறங்கி அவை ஆங்கில 'V' எழுத்தைத் தலைகீழாக்கியது போல விலகி நிற்கும்.

எங்கள் முதல் குப்பியில் இலைகள் விலகின. ஆனால் பத்து எண்ணுவதற்குள் கூம்பிவிட்டன. துளையை அடைக்க நான் வைத்திருந்த தக்கைதான் கசிந்தது. தக்கையை எறிந்துவிட்டு, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, கம்பியைச் சுற்றி மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன். மெழுகின் மேல் நீர் படலமாகப் பரவாது, முத்து முத்தாக நிற்கும். அதனால் தொடர்ச்சியான பாதை அமைவதில்லை. குப்பியின் அடியில் ஒரு கைப்பிடி புழுங்கலரிசியை நன்றாக வறுத்துச் சூடாகவே போட்டு மூடினோம். இப்போது எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

ஆடி பிறந்ததும் தோவாளையிலிருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனபோது மகள் அந்தக் குப்பியைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் மாவட்டத்தின் விசித்திரம் இதுதான்: கல்குளம் பக்கம் குடை மடக்க நேரமில்லாமல் மழை பெய்துகொண்டிருக்கும், ஒரு மணி நேரப் பயணத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் அருகே வந்துவிட்டால், மலையின் மேற்குப் பக்கத்தில் ஈரத்தை இறக்கிவிட்ட காற்று புழுதியை வாரி வீசும், முப்பந்தல் காற்றாலைகள் ஓயாமல் சுழலும். அக்கா வீட்டு முற்றத்தில் சீப்பைத் தேய்த்து உருண்டையில் தடவி, குப்பியை உள்ளே சன்னல் திண்டில் வைத்தோம். அக்கா கொடுத்த காப்பியையும் பழம்பொரியையும் முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் இலைகள் விலகியே நின்றன. அக்காவின் மகன், தான் வேலை பார்க்கும் வளைகுடா நாட்டில், குளிரூட்டிய அலுவலகத்தின் கம்பளத் தரையில் நடந்து கதவுப் பிடியைத் தொடும்போதெல்லாம் சுரீரென்று அடிக்கும் என்று முன்பு சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மண்டைக்காட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஒரு தடவைகூட அடித்ததில்லை. உப்பும் ஈரமும் என்னை எப்போதும் தரையோடு இணைத்தே வைத்திருந்தன.

உப்பையும் நல்லமிளகுப் பொடியையும் கலந்து, சீப்பால் பிரிக்கும் சோதனை பலருக்கும் தெரிந்ததுதான். உப்பை வறுத்தெடுத்துப் பொடித்துக் கலந்து, மின்னூட்டிய சீப்பை ஓர் அங்குல உயரத்தில் பிடித்தால், இலேசான மிளகுத் தூள் முதலில் துள்ளி ஏறும். இன்னும் தாழ்த்தினால் உப்பும் வரும். இதை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம், எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மணவாளக்குறிச்சியில், கருமணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் மத்திய அரசின் ஆலையில் நிலை மின்னூட்டமும் ஒரு கருவியாக இருப்பதுதான். ஆனால் அங்கே பிரிப்பது எடை வேறுபாடு அல்ல, கடத்தும் தன்மையின் வேறுபாடு. உலர்த்திச் சூடாக்கிய மணல், சுழலும் ஓர் உலோக உருளையின் மேல் விழுகிறது. மேலிருந்து பல்லாயிரம் வோல்ட் மின்முனை அதன்மேல் மின்னூட்டத்தைத் தெளிக்கிறது. இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரத்தைக் கடத்துவதால், பெற்றதை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டு எறியப்படுகின்றன. சிர்க்கானும் மோனசைட்டும் கடத்தாததால், மின்னூட்டத்தை விடாமல் பற்றிக்கொண்டு உருளையோடு ஒட்டிச் சென்று, பின்பக்கத்தில் தூரிகையால் வழித்தெடுக்கப்படுகின்றன. மணலைச் சூடாக்காவிட்டால் என்ன ஆகும் என்று மகளிடம் கேட்டேன். சிர்க்கானின் மேலும் ஈரம் படிந்து அதுவும் இல்மனைட்டைப் போல நடிக்கும் என்றாள். 'நடிக்கும்' என்ற அந்தச் சொல்லை நான் எங்கும் படித்ததில்லை.

குழாயிலிருந்து நூல்போல் விழும் நீருக்கு அருகே சீப்பைப் பிடித்தால் நீர் வளையும். அது எங்கள் ஊரில் ஆனியிலும் ஓரளவு நடக்கிறது; ஆனால் சீப்பில் ஒரு சொட்டுத் தெறித்தால் அத்தோடு அன்றைய சோதனை முடிந்தது.

பெற்றோர் சிலர், மின்சாரம் என்றதும் பயந்து குழந்தைகளைத் தடுக்கிறார்கள் என்பதால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி பறக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். ஆகவே சீப்பிலும் கதவுப் பிடியிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் விளையாடுவது உண்மைதான். ஆனால் மனித உடலின் மின்தேக்குதிறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், மிகச் சிறியது; 100 பிக்கோஃபாரட் அளவுதான். 10,000 வோல்ட் ஏறினாலும் அதில் சேரும் ஆற்றல் 5 மில்லிஜூல், அது தீர்ந்ததும் தீர்ந்தது. சுவரிலுள்ள பிளக்கின் 230 வோல்ட், எண்ணிக்கையில் சிறியதானாலும், தீராமல் வந்துகொண்டே இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் சீப்பு, குப்பி, கோப்பு உறை எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு, பிளக்குக்குக் கிடையாது. பல்பு அலமாரியைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. பொறி வரும் சோதனைகளை அடுக்களையிலும், இருசக்கர வண்டியின் பெட்ரோல் தொட்டியருகேயும் செய்வதற்கும் தடை, ஏனெனில் சமையல் எரிவாயு காற்றோடு சரியான விகிதத்தில் கலந்திருந்தால் கால் மில்லிஜூல் பொறியே அதைப் பற்றவைத்துவிடும். ஐப்பசி இடியின்போது குப்பியின் கம்பியை நீட்டிக் கூரைக்கு மேலே கொண்டுபோகலாமா என்றும் மகள் கேட்டாள். அன்று குப்பியைப் பரணின் மேலே எடுத்து வைத்துவிட்டேன்.

பள்ளியில் அவள் முறை வந்தது ஆவணியில், நல்ல மழை நாளில். முந்திய இரவே சீப்பைக் கழுவி அலமாரியில் உலர்த்தியாயிற்று. காலையில் அம்மை, இடியாப்பம் வைக்கும் ஹாட்பாக்ஸின் அடியில் சூடான வறுத்த அரிசியைப் பரப்பி, மேலே துணி விரித்து, சீப்பையும் காகிதத் துண்டுகளையும் உள்ளே வைத்து இறுக மூடிக் கொடுத்தார். தலையில் எண்ணெய் வைக்காமல் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்ப மட்டும் அவருக்கு மனமே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று வாசல்வரை வந்து சொல்லிக்கொண்டிருந்தார். மாலையில் மகள் ஹாட்பாக்ஸை ஆட்டிக்கொண்டே கடைக்கு வந்தாள். வகுப்பில் மற்றவர்களின் சீப்புகள் ஒன்றையும் அசைக்கவில்லையாம். அவளுடையது ஒன்பது துண்டுகளைத் தூக்கியிருக்கிறது. அரிசியை என்ன செய்தாய் என்று கேட்டேன். தோழிகளோடு தின்றுவிட்டதாகச் சொன்னாள்.